மலையுச்சிக் குடியேற்றம் ஒன்றின் வரலாற்றைத் தோண்டுவது எப்படி? அமோனாவை வைத்து ஒரு வழிகாட்டி

மேற்குக் கரையில் ஒரு குடியேற்றத்தை இடிக்கிறார்கள், அல்லது புதிதாக ஒன்றுக்கு அனுமதி கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தால் தமிழில் அதைப் பற்றிக் கிடைப்பது பெரும்பாலும் நாலு பத்திதான். ‘1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதி, சர்வதேசச் சட்டப்படி சட்டவிரோதம், இஸ்ரேல் இதை மறுக்கிறது’ என்கிற வாக்கியங்கள் எந்தக் குடியேற்றத்துக்கும் பொருந்துகிற மாதிரி அதில் உட்கார்ந்திருக்கும். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மலையில் யாருடைய நிலத்தில், யார், எப்போது, எந்தத் தைரியத்தில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதற்கு ஒரு வரி கூட இராது.

அந்த வரிகளை நீங்களே தேடி எழுத நினைத்தால் எங்கே தொடங்குவது, எதை நம்புவது, எங்கே வழுக்கி விழ வாய்ப்பு என்று சொல்லத்தான் இது. உதாரணத்துக்கு அமோனாவை எடுத்துக்கொள்கிறேன். ராமல்லாவுக்கு வடகிழக்கே, ஓஃப்ரா என்கிற பழைய குடியேற்றத்துக்கு மேலே இருக்கும் மலைமுகடு. 1995 வாக்கில் ஆரம்பித்தது, 2017 பிப்ரவரியில் காலியானது. கடைசியாக அங்கே இருந்தது 40 குடும்பங்கள் போல. இவ்வளவு சின்ன இடத்துக்காகத் தொப்பி போட்ட இளைஞர்களும் குதிரைப் போலீசும் கட்டிப் புரண்டார்கள், நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது, நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. ஏறக்குறைய எல்லாமே வழக்குத் தாள்களில் பதிவாகியிருப்பதால் பழகுவதற்கு வசதியான இடம்.

முதலில் நிலம், அப்புறம்தான் ஆட்கள்

குடியேறிகள் தரப்பில் எழுதப்படும் ஊர் வரலாறு முதல் கேரவன் (இழுத்து வந்து வைக்கும் பெட்டி வீடு) மலையேறிய நாளில் ஆரம்பிக்கும். வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் எழுதுவது அவர்களைத் தூக்கி வெளியே போடும் நாளில் ஆரம்பிக்கும். நீங்கள் இரண்டுக்கும் முன்னால் போக வேண்டும். நம்மூரில் ஒரு மனை வாங்கப் போனால் பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா, புறம்போக்கில் வருகிறதா என்றுதானே முதலில் கேட்போம்? அதையேதான் இங்கேயும் கேட்க வேண்டும்.

அதற்குக் கொஞ்சம் சட்டம் தெரிய வேண்டியிருக்கிறது, பயப்படாதீர்கள், இவ்வளவுதான். 1858ஆம் ஆண்டின் உதுமானிய நிலச் சட்டம் இன்றுவரை மேற்குக் கரையில் அடித்தளமாக இருக்கிறது. அதில் ‘மீரி’ என்று ஒரு வகை: மேலுரிமை அரசுக்கு, ஆனால் பத்து வருடம் பயிர் செய்து வந்தவருக்கு அதை வைத்திருக்கும் உரிமை உண்டு, மூன்று வருடம் தொடர்ந்து தரிசாகப் போட்டால் அந்த உரிமை போகலாம். ‘மவாத்’ என்பது ஊரைவிட்டுத் தள்ளி, யாரும் உழாமல் கிடக்கும் செத்த நிலம். பிரிட்டிஷ் ஆட்சி 1928இல் ஊர் ஊராக அளந்து உரிமையாளர் பேரில் பதிய ஒரு சட்டம் கொண்டுவந்தது, பின்னால் வந்த ஜோர்டான் அந்த வேலையைத் தொடர்ந்தது, 1968இல் இஸ்ரேல் ராணுவம் 291ஆம் எண் உத்தரவு போட்டு அதை நிறுத்திவிட்டது. நிறுத்தியபோது மேற்குக் கரை நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பதிவாகியிருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். பதிவான நிலமா, பாலத்தீன உரிமையாளர் ‘தபு’ என்கிற பதிவேட்டு நகலை எடுத்துக்கொண்டு நேராக இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடியும். பதிவாகாத மீதி மூன்றில் இரண்டு பங்கில், தீர்வை கட்டிய ரசீதும் பக்கத்து வயல்காரர் சாட்சியும் மட்டும் வைத்திருக்கிற விவசாயி, தான் பத்து வருடம் உழுததை நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் அது ‘அரசு நிலம்’.

அமோனா மலை எங்கே வருகிறது? சில்வாத், ஐன் யப்ரூத், தைபே ஆகிய பாலத்தீன ஊர்க்காரர்களுடைய நிலம் அது. கீழே இருக்கிற ஓஃப்ராவிலேயே கட்டிடங்கள் நிற்கும் பரப்பில் பாதிக்கும் மேல் பாலத்தீனர் பெயரில் பதிவாகியிருப்பதாக இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் 2008இல் அறிக்கை வெளியிட்டது. ‘அரசு நிலம்’ என்று அறிவிக்கும் வழக்கமான வழி அமோனாவில் அடைபட்டதற்கும், அரசே கடைசியில் ‘இது தனியார் நிலம்தான்’ என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதற்கும் வேர் இங்கே இருக்கிறது.

பரப்பளவு எல்லாம் துனம் கணக்கில் வரும். ஒரு துனம் 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட். உதுமானியர் காலத் தாள்களில் வரும் துனம் சற்றுச் சின்னது, 919 சதுர மீட்டர் சொச்சம். எதையும் ஹெக்டேராக மாற்றிக் குழப்பாதீர்கள், நான்கு துனம் ஒரு ஏக்கர் என்று ஒரு முறை சொல்லிவிட்டுத் துனத்திலேயே போங்கள்.

எந்தத் தாளை வைத்துக்கொண்டு வந்தார்கள்?

குடியேற்றம் எந்த வருடம் வந்தது என்று தெரிந்தால், எந்தத் தந்திரத்தில் வந்தது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். 1970களில் வந்ததா, ராணுவத் தளபதி ‘பாதுகாப்புத் தேவை’ என்று கையெழுத்திட்ட கையகப்படுத்தும் உத்தரவைத் தேடுங்கள். 1980களா, அரசு நில அறிவிப்பு. 1990களின் பின்பாதி என்றால் பெரும்பாலும் தாளே இருக்காது.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதற்கு ஏலோன் மோரே வழக்கைக் கட்டாயம் படியுங்கள், 1979 அக்டோபர் 22 தீர்ப்பு. இதைப் படிக்காமல் எந்தக் குடியேற்றத்தைப் பற்றியும் எழுதக் கூடாது என்பது என் கருத்து. நாப்லுஸ் பக்கம் ருஜெய்ப் என்கிற ஊரில் சுமார் 700 துனத்தை ராணுவம் எடுத்துக்கொண்டு குடியேறிகளிடம் கொடுத்தது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அதே வருடம் மார்ச்சில்தான் பெத் எல் வழக்கில் ‘பாதுகாப்புக்காக’ என்று ராணுவம் சொன்னதை நீதிமன்றம் ஏற்றிருந்தது, ஆகவே இதுவும் அப்படியே போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்போதைய படைத் தலைவர் ரஃபாயெல் எய்தான் ‘பாதுகாப்புக்கு இது தேவை’ என்று சொல்ல, முன்னாள் படைத் தலைவர் ஹயிம் பார்-லெவ் ‘தேவையே இல்லை’ என்று எதிர்த்தரப்புக்குப் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். பாதுகாப்பு அமைச்சர் எஸர் வெய்ஸ்மனே இந்த இடத்தை அவசியம் என்று நினைக்கவில்லை. இவ்வளவுக்கும் மேலே, வழக்கில் சேர்ந்துகொண்ட குடியேறிகளே ‘நாங்கள் பாதுகாப்புக்காக வரவில்லை, இறைவன் எங்களுக்கு வாக்களித்த நிலம் என்பதால் வந்தோம், நிரந்தரமாக இருக்கப் போகிறோம்’ என்கிற பொருளில் நேர்மையாக எழுதிக் கொடுத்தார்கள். அரசு வக்கீல் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ராணுவத் தேவை என்றால் தற்காலிகம் என்றுதானே பொருள்? மோஷே லாண்டாவ் தலைமையிலான அமர்வு உத்தரவை ரத்து செய்தது.

குடியேற்றக் கொள்கை அதோடு நிற்கவில்லை, வழி மட்டும் மாறியது. தனியார் நிலத்தை ராணுவம் எடுப்பதை விட்டுவிட்டு, 1858 சட்டத்தைக் கையில் எடுத்து, வான்படங்களைப் பார்த்து உழப்படாத துண்டுகளைக் கண்டுபிடித்து ‘அரசு நிலம்’ என்று அறிவிக்கும் முறை வந்தது. ஏலோன் மோரே குடியேற்றமும் அழியவில்லை, வேறொரு மலைக்கு இடம் மாறி இன்றும் இருக்கிறது. ஒரு தீர்ப்பில் தோற்று அடுத்த மலையில் எழும்பும் இந்த வழக்கம் அமோனாவிலும் வரும், குறித்துக்கொள்ளுங்கள்.

1990களுக்கு வருவோம். பாலத்தீனர்களோடு 1993இல் போட்ட ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுக் குடியேற்றம் எதுவும் அமைப்பதில்லை என்று இஸ்ரேல் அரசு உலகத்துக்குச் சொல்லியிருந்தது. அரசு முடிவு இல்லாமல், பழைய குடியேற்றம் ஒன்றின் ‘புதுத் தெரு’ என்கிற பேரில், பக்கத்து மலையில் இரண்டு மூன்று கேரவன்களை இறக்கிவைக்கிற அவுட்போஸ்ட்கள் இந்தக் காலத்தில்தான் பெருகின. 1998இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஏரியல் ஷரோன் மலையுச்சிகளை ஓடிப் பிடியுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். அமோனா இதற்கும் சற்று முன்னோடி.

தொடங்கிய தேதியில் ஒரு கண்ணி உண்டு. ஒரே அவுட்போஸ்ட்டுக்கு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு வருடம் போட்டிருப்பார்கள், அது வெறும் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். 2003இல் வந்த ‘ரோட்மேப்’ சமாதானத் திட்டத்தின்படி, 2001 மார்ச்சுக்குப் பிறகு முளைத்த அவுட்போஸ்ட்களை இஸ்ரேல் அகற்ற வேண்டும். அதனால் ஒரு கேரவன் அந்த மாதத்துக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பதே சண்டைக்குரிய விஷயமாகிவிட்டது. ஒரு தரப்பு பழைய தேதியைச் சொல்லும், மறுதரப்பு புதிய தேதியைச் சொல்லும். இரண்டையும் யார் சொன்னது என்று போட்டு எழுதுங்கள், நடுவில் ஒரு வருடத்தைச் சராசரி பார்த்துப் போடாதீர்கள்.

கரண்ட் கம்பத்தைப் பின்தொடருங்கள்

அனுமதி இல்லாத ஊருக்குத் தார் சாலை எப்படி வந்தது? தண்ணீர்க் குழாய்? கரண்ட்? காவலுக்கு ராணுவ வீரர்? சட்டவிரோத அவுட்போஸ்ட் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்தால் ஏதோ பத்துப் பையன்கள் அரசுக்குத் தெரியாமல் செய்த காரியம் என்று வாசகர் நினைத்துவிடுவார். அது உண்மை இல்லை, இஸ்ரேல் அரசே அமர்த்திய வழக்கறிஞர் அதைச் சொல்லியிருக்கிறார். ஷரோன் பிரதமராக இருந்தபோது கேட்டுக்கொண்டதன் பேரில் தலியா சாசன் 2005 மார்ச்சில் கொடுத்த அறிக்கை, நூற்றுக்கும் மேற்பட்ட அவுட்போஸ்ட்களைப் பட்டியல் போட்டு, வீட்டுவசதி அமைச்சகம் தொடங்கி உலக சீயோனிய அமைப்பின் குடியேற்றப் பிரிவு வரை எந்தெந்தக் கை பணமும் உபகரணமும் கொடுத்தது என்று விவரித்தது. மலையுச்சிகளை ஓடிப் பிடிக்கச் சொன்ன அதே ஷரோன் கேட்டு வாங்கிய அறிக்கை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த முரண். அமோனா அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இன்னொரு ஆவணம், பாருக் ஸ்பீகல் என்கிற ராணுவ அதிகாரி பாதுகாப்பு அமைச்சகத்துக்காகத் தொகுத்த ரகசியத் தரவுத்தளம். 2009இல் ‘ஹாரெட்ஸ்’ நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்தது. அவுட்போஸ்ட்களை மட்டுமல்ல, அரசு அங்கீகரித்த பெரிய குடியேற்றங்களையே எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி இடங்களில் அனுமதியில்லாத கட்டுமானம் நடந்திருக்கிறது, முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் பாலத்தீனத் தனியார் நிலத்தில் பெரிய அளவில் கட்டியிருக்கிறார்கள் என்று அது சொன்னது. ‘சட்டபூர்வ குடியேற்றம்’, ‘சட்டவிரோத அவுட்போஸ்ட்’ என்று இஸ்ரேலியச் செய்திகள் போடும் கோட்டை அப்படியே நம்பி எழுதுகிறவர்கள் இதை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

தாய்க் குடியேற்றத்தின் கதையையும் விடாதீர்கள். ஓஃப்ரா எப்படி வந்தது தெரியுமா? 1975இல், பக்கத்து பால் ஹாத்ஸோர் மலையில் ராணுவத் தளத்துக்கு வேலி போடும் வேலைக்கு வந்த ஒரு குழு, ஐன் யப்ரூத் அருகே ஜோர்டான் ராணுவம் விட்டுப்போன கட்டிடங்களில் இராத் தங்கியது. தங்கியது தங்கியதுதான், திரும்பிப் போகவில்லை. அப்போது பாதுகாப்பு அமைச்சர் ஷிமோன் பெரெஸ், உதவவும் வேண்டாம் தடுக்கவும் வேண்டாம் என்கிற ரீதியில் கண்டுகொள்ளாமல் விட்டார். கொஞ்ச நாள் ‘வேலையாட்கள் முகாம்’ என்று பெயர், 1977இல் வலதுசாரித் தலைவர் பெகின் ஆட்சிக்கு வந்ததும் அங்கீகாரம். பின்னாளில் சமாதானத்துக்கான நோபல் பரிசு வாங்கிய தொழிற்கட்சித் தலைவர் காலத்தில் நடந்தது இது. குடியேற்றம் என்றாலே வலதுசாரிகள் வேலை என்று எழுதிவிட்டுப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மேலிருந்து பார்க்கும் படங்கள்

கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போகும் கடிகாரப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தி வருடம் வருடமாக நகர்த்துங்கள். மலையில் முதலில் தெரிவது வீடு அல்ல, சாலை. வெள்ளைக் கோடாக மண் பாதை, அப்புறம் கறுப்பாகத் தார், அப்புறம் வரிசையாகச் செவ்வக வெள்ளைப் பெட்டிகள், அவைதான் கேரவன்கள். நிரந்தர வீடு என்றால் பெரும்பாலும் சிவப்பு ஓடு, கண்ணை உறுத்தும். சுற்றிலும் வரிவரியாக வளைந்து போவது கல்லடுக்கு வேலிகள், அதாவது யாரோ தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த படிக்கட்டு வயல்கள். ‘நாங்கள் வந்தபோது வெறும் பாறைதான் இருந்தது’ என்ற வாதத்தை யாராவது வைத்தால் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இந்த வரிகள்தான். படிக்கட்டு இருந்தால் ஒரு காலத்தில் உழுதிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள், எந்த வருடம் வரை உழுதார்கள் என்று அது சொல்லாது, அதனால் அதை வைத்து அளவுக்கு மீறி வாதாட வேண்டாம்.

பழைய படங்கள் ஏன் இவ்வளவு மங்கல் என்று நினைப்பீர்கள். 1996இல் அமெரிக்கா போட்ட கைல்-பிங்கமன் திருத்தத்தின்படி, இஸ்ரேல் பகுதியின் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்க நிறுவனங்கள் தெளிவு குறைத்துத்தான் வெளியிட முடியும். 2 மீட்டருக்குக் கீழே இருக்கிற பொருள் தெரியாது. 2020இல்தான் அந்த அளவு 0.4 மீட்டராகத் தளர்ந்தது. ஆகவே 2005 படத்தில் கேரவனா, லாரியா என்று தெரியாமல் கண்ணைக் கசக்கினால் கோளாறு உங்கள் கண்ணில் இல்லை.

வழக்கு ஒன்றல்ல

அமோனா பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, 2006 சம்பவத்தையும் 2017 சம்பவத்தையும் ஒன்றாகக் கலப்பது. இரண்டும் வேறு வழக்கு, வேறு மனுதாரர், வேறு கட்டிடங்கள்.

முதலாவது, ‘பீஸ் நவ்’ என்கிற இஸ்ரேலிய அமைப்பு 2005இல் போட்டது. கேரவன்களுக்குப் பக்கத்தில் கட்டி எழுப்பிய ஒன்பது நிரந்தர வீடுகள் மட்டும்தான் விவகாரம். இடிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, 2006 பிப்ரவரி 1ஆம் தேதி இடித்தார்கள். காலத்தைக் கவனியுங்கள்: காஸாவிலிருந்து குடியேறிகளை அகற்றி ஆறு மாதம் கூட ஆகவில்லை, ஷரோன் மூளை ரத்தக் கசிவால் நினைவிழந்து கிடக்கிறார், பொறுப்புப் பிரதமர் எஹூத் ஓல்மர்ட், அடுத்த மாதம் தேர்தல். காஸாவில் எதிர்ப்பில்லாமல் போய்விட்டோமே என்ற கோபத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மலையில் குவிந்திருந்தார்கள். கூரை மேலிருந்து கல், கீழே குதிரைப் படை, தடியடி. இருநூறுக்கும் மேல் காயம், அதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எஃபி எய்தாமும் அர்யே எல்தாதும் உண்டு. ஒன்பது வீடு போனது, கேரவன்கள் அப்படியே நின்றன. இதை விட்டுவிட்டு ‘2006இல் அமோனா இடிக்கப்பட்டது’ என்று எழுதினால் 2017இல் அங்கே இடிக்க என்ன இருந்தது என்று வாசகர் கேட்பார்.

இரண்டாவதுதான் முழு ஊரையும் பற்றியது. பாலத்தீன நில உரிமையாளர்கள் சார்பில் யெஷ் தின் என்கிற இஸ்ரேலிய அமைப்பு 2008இல் எடுத்துப் போன வழக்கு. அரசு இழுத்தடித்தது, அவகாசம் கேட்டது, மீண்டும் கேட்டது. குடியேறிகள் தரப்பு நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பத்திரங்கள் காட்டியது, அவற்றில் போலிகள் இருப்பதாகப் போலீஸ் விசாரணையில் வந்தது. 2014 டிசம்பரில் நீதிமன்றம் இரண்டு வருடம் கெடு வைத்தது, 2016 டிசம்பர் 25க்குள் காலி செய்ய வேண்டும்.

கெடு நெருங்க நெருங்க நடந்தவற்றைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும். டிசம்பர் 18 அன்று குடியேறிகள் அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: அதே மலையில், ஊரில் இல்லாத உரிமையாளர்களின் துண்டு நிலங்களில் சில குடும்பங்களுக்கு இடம் தரப்படும். 23ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 2334ஆம் தீர்மானத்தை 14-0 என்று நிறைவேற்றியது, அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கியது. நீதிமன்றம் கெடுவைப் பிப்ரவரி 8 வரை நீட்டியது. 2017 பிப்ரவரி 1 அன்று ஏறத்தாழ 3,000 போலீசார் மலையேற, அதே நாளில் பக்கத்துத் துண்டுக்கு மாறும் திட்டத்தையும் நீதிமன்றம் தடுத்தது, ஏனென்றால் அந்தத் துண்டுகளுக்கும் பாலத்தீனர் உரிமை கோரி வந்துவிட்டார்கள். குடும்பங்களில் பலர் அழுதபடி நடந்து போனார்கள். வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் ஜெபாலயத்துக்குள் அடைத்துக்கொண்டு மறுநாள் வரை போராடினார்கள். பிப்ரவரி 6, இஸ்ரேல் நாடாளுமன்றமான க்னெசெட் ஒரு சட்டம் நிறைவேற்றியது, 60 பேர் ஆதரவு, 52 பேர் எதிர்ப்பு: தனியார் நிலத்தில் கட்டப்பட்ட குடியேற்றங்களை, உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்து முறைப்படுத்தலாம். அமோனாவைக் காப்பாற்ற எழுந்த பேச்சில் பிறந்த சட்டம், அமோனாவுக்கு உதவவில்லை. 2020 ஜூன் 9 அன்று உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது.

என்ன பெயரில் எழுதுவது

‘சர்ச்சைக்குரிய நிலம்’ என்பது இஸ்ரேல் அரசின் நிலைப்பாடு: ஜோர்டானின் இறையாண்மையை உலகம் ஏற்கவே இல்லை, ஆகவே யாரிடமிருந்தும் ஆக்கிரமிக்கவில்லை என்பது வாதம். சர்வதேச நீதிமன்றம் 2004இலும் 2024இலும் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்றே கருத்துச் சொன்னது, ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதையேதான் சொல்கின்றன. இரண்டும் சமம் என்பது போல எழுத வேண்டியதில்லை. இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே ஏலோன் மோரே தீர்ப்பில் போர்க்கால ஆக்கிரமிப்புக்கான ஹேக் விதிகளை வைத்துத்தான் பேசியது. இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன், ஆக்கிரமித்த நிலத்தில் குடிமக்களைக் குடியமர்த்துவது நான்காம் ஜெனீவா உடன்படிக்கைக்கு முரண் என்று 1967 செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்தார், அதே மாதம் 27ஆம் தேதி கஃபார் எத்ஸியோன் குடியேற்றம் மீண்டும் அமைக்கப்பட்டது.

குடியேறிகளின் பக்கத்தை எழுதாமல் விடுவது சோம்பேறித்தனம். வேதாகமம் கையில் இருந்தால் யோசுவா 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பென்யமீன் கோத்திரத்துக்குக் கிடைத்த ஊர்களின் பட்டியலில், ஓஃப்ராவுக்கும் அமோனாவுக்கும் பெயர் எடுத்த ஊர்கள் இரண்டும் அடுத்தடுத்து வரும். அந்த வட்டார மன்றத்தின் பெயரே மத்தே பின்யாமின். அவர்களைப் பொறுத்தவரை அது திரும்பி வருதல். அதோடு, சாலையும் கரண்டும் கொடுத்து இருபது வருடம் ஊக்குவித்த அரசு ஒரு நாள் காலையில் போலீசை அனுப்புகிறது என்ற அவர்கள் குறையில், சாசன் அறிக்கையைப் படித்தவர் யாரும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. எழுதுங்கள். பக்கத்திலேயே, கண்ணெதிரே இருக்கும் தன் நிலத்துக்குப் போக முடியாமல் அந்த இருபது வருடத்தையும் கழித்த சில்வாத்துக்காரரையும் எழுதுங்கள். பல தமிழ்க் கட்டுரைகளில் அவர் ‘பாலத்தீனர்கள் எதிர்ப்பு’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறார்.

எங்கிருந்து எடுத்தாலும் எடுத்த இடத்தின் சாய்வைத் தெரிந்து எடுங்கள். பீஸ் நவ், யெஷ் தின், பெத்செலெம் மூன்றும் குடியேற்றத்தை எதிர்ப்பவை, அவற்றின் நில வரைபடங்கள் நுணுக்கமானவை. ரெகாவிம் குடியேறிகள் தரப்பு, பாலத்தீனர் அனுமதியின்றிக் கட்டும் கட்டிடங்களுக்கு எதிராக வழக்குப் போடும் அமைப்பு. மக்கள்தொகைக்கு இஸ்ரேலின் மத்தியப் புள்ளியியல் அலுவலகத்துக்குப் போனால், அங்கீகாரம் இல்லாத அவுட்போஸ்ட் தனி ஊராகவே இருக்காது. அதனால்தான் அமோனாவுக்கு எல்லோரும் ‘நாற்பது குடும்பம்’ என்றே சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், குடும்பத்துக்கு ஆறு பேர் என்று பெருக்கி ஒரு எண்ணை உருவாக்காதீர்கள்.

காலி செய்த பிறகு

இடித்த நாளோடு கட்டுரையை முடிக்க ஆசை வரும். முடிக்காதீர்கள். 2017 மார்ச் 30 அன்று இஸ்ரேல் அமைச்சரவை, அமோனாவிலிருந்து வந்தவர்களுக்காக ஷிலோ பக்கத்தில் ஒரு புதுக் குடியேற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இருபது வருடத்துக்கும் மேலாக இஸ்ரேல் அரசே முடிவெடுத்து அமைத்த புதுக் குடியேற்றம் எதுவும் இல்லை, இதுதான் முதல். பெயர் அமிஹாய். அடுத்த வருடம் குடும்பங்கள் அங்கே குடிபோனார்கள். அனுமதி இல்லாத ஒரு மலை போய் அனுமதியுள்ள ஒரு மலை வந்திருக்கிறது.

பழைய மலையையும் ஒரு பார்வை பாருங்கள். 2018 டிசம்பரில் ஓஃப்ரா அருகே ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, அமோனா மலையில் மீண்டும் இரண்டு கேரவன்களை இறக்கினார்கள். இந்தத் தடவை நிலத்தை நிஜமாகவே வாங்கிவிட்டோம் என்றார்கள். 2019 ஜனவரி 3 அன்று போலீஸ் வந்து அகற்றியது. வழக்கில் ஜெயித்த உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் ஏர் பூட்ட முடிந்ததா என்பது தனிக் கேள்வி. தீர்ப்பு வந்தது, கட்டிடம் போனது, ஆனால் ராணுவத்தின் மூடிய பகுதி உத்தரவும் பக்கத்துக் குடியேற்றத்தின் நெருக்கமும் சேர்ந்து அவர்களை வெளியிலேயே நிறுத்தின. நீங்கள் எழுதும் குடியேற்றத்திலும் இந்த இரண்டையும் தேடுங்கள்: போனவர்கள் எங்கே போனார்கள், உரிமையாளர் நிலத்துக்குள் போக முடிகிறதா. இரண்டாவதற்குப் பதில் கூகுள் எர்த்தின் கடைசி வருடப் படத்தில் ஓரளவு தெரியும், உழுத மண்ணும் உழாத மண்ணும் ஒரே நிறத்தில் இராது.